நியாலாஸ் செம்பனைக் காட்டில் ஒரு வெடிப்பு வேட்டை

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் சகாயமேரியிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. மேரி என் பல்கலைக்கழகத் தோழி. மலாக்கா மாநிலத்தில் நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. "ஏய் வாசுகி, சனிக்கிழமை நீ இங்க வர்றே. வேல கீலன்னு சொன்னே, அப்புறம் நான் உங்கூடப் பேசவே மாட்டேன் லா. ரெண்டு தடவ செஞ்சாச்சு, ரெண்டு தடவயும் ஊத்திக்கிச்சு. புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல." மூன்று நிமிடப் பதிவில் மீதியெல்லாம் திட்டு. திட்டுக்குக் காரணம் உண்டு. அவளுக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான்.

என்ன யோசனை என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதற்காக ஒருத்தி விடுமுறை நாளில் இருட்டோடு எழுந்து பேருந்து பிடித்தாள் என்று உங்களுக்குப் புரியாது. கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சிறிய செயற்கைக்கோள்களில் பொருத்தும் காமாக் கதிர் உணர்கருவிகளைச் சோதிப்போம். எங்கோ வெகுதொலைவில் ஒரு பெரிய விண்மீன் குலைந்து விழும்போதோ, இரண்டு செத்த விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதும்போதோ, காமாக் கதிர்கள் ஒரே வீச்சில் கிளம்பும். சில வினாடிகள்தான், அதற்குள் முடிந்துவிடும். நம் காற்று மண்டலம் அதைக் கீழே விடாது என்பதால் கருவியை மேலே அனுப்பித்தான் பிடிக்க வேண்டும். கருவிக்குள் ஒரு படிகம் இருக்கும். கதிர் பட்டால் அதில் பொட்டு வெளிச்சம் வரும். வினாடிக்கு எத்தனை பொட்டு என்று எண்ணிக்கொண்டே இருப்போம். எண்ணிக்கை திடீரென்று எகிறினால் ஏதோ வெடித்திருக்கிறது.

ஆனால் எந்தப் பக்கம் வெடித்தது என்று ஒற்றைப் படிகத்துக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. தள்ளித் தள்ளிப் பறக்கும் மூன்று செயற்கைக்கோள்களுக்கு அந்தக் கதிர் கொஞ்சம் முன்னே பின்னேதான் வந்து சேரும். யாருக்கு எவ்வளவு முந்தி என்று கணக்குப் போட்டால் திசை கிடைத்துவிடும். இதையே சத்தத்தை வைத்துச் செய்து காட்டலாமே என்று மேரியிடம் சொல்லியிருந்தேன். மூன்று கைப்பேசிகளை மூன்று இடத்தில் ஒலிப்பதிவில் வைத்துவிட்டு, யாராவது ஒளிந்துகொண்டு ஒரு தகரப் பீப்பாயைத் தட்ட வேண்டும். எங்கே ஒளிந்தார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினான்கு பேர் இதை ஓர் அறிவியல் காணொளிப் போட்டிக்குச் செய்தார்கள். கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இரண்டு முறையும் விடை தப்பு. மூன்றாவதும் தப்பானால் போட்டியே வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்களாம்.

சனிக்கிழமை காலை 6.30-க்குக் கோலாலம்பூர் தெற்குப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். கட்டணம் 15 வெள்ளி 40 காசு. மடியில் பிஸ்கட் டின். அதற்குள் பஞ்சு சுற்றி, மூலை உடைந்ததால் ஆய்வகம் ஒதுக்கிவிட்ட ஒரு படிகமும், வெளிச்சப் பொட்டுகளை எண்ணும் சின்ன எண்ணியும். பக்கத்து இருக்கைப் பெண்மணி டின்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நீலாய் தாண்டும்போது, "முறுக்கா?" என்று கேட்டும் விட்டார். இல்லை என்றதும் அவருக்கு என்மேல் நம்பிக்கையே போய்விட்டது.

8.40-க்கு மலாக்கா சென்ட்ரல். நியாலாஸ் அங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பேருந்து உண்டு என்கிறார்கள், ஆனால் அதை நம்பி மாலைத் திரும்பும் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். நான் நாள் வாடகைக்கு ஒரு காரை முதல் நாளே பேசிவைத்திருந்தேன், காத்திருப்பும் சேர்த்து 190 வெள்ளி. ஓட்டுநர் தேவராஜு அண்ணன், சுங்கை ரம்பாய்க்காரர். ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"நியாலாஸ்ல என்னா தங்கச்சி இருக்கு? செம்பனையும் லாரியும்தான் இருக்கு. எல்லாரும் ஜோங்கர் ஸ்ட்ரீட் போ, கோட்டைக்குப் போன்னுதான் கேப்பாங்க. நீங்கதான் மொத ஆளு."

"ஸ்கூலுக்குப் போறேண்ணே. ஆகாயத்துல வெடிக்கிறத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு காட்டப் போறேன்."

கண்ணாடியில் என்னையும் டின்னையும் ஒரு முறை பார்த்தார். "அந்த டின்னு வெடிக்காதுல்ல?"

ஜாசினில் 9.30-க்கு நிறுத்தச் சொன்னேன். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் தேநீர், எனக்கு மட்டும் 8 வெள்ளி 50 காசு. குழம்பு கொஞ்சம் தண்ணி, ஆனால் ரொட்டி மொறுமொறு. அங்கேயே வயிறு நிறைய சாப்பிட்டுவிடுங்கள். தோட்டத்துக்குள் போய்விட்டால் கடையைத் தேடுவது பெரிய வேலை.

ஜாசின் தாண்டியதும் சாலை குறுகி இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். வலது பக்கம் தூரத்தில் லேடாங் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழக்குலை ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. 10.50-க்குத் தோட்டத்துக்குத் திரும்பும் சிம்பாங்கில், அதாவது முச்சந்தியில், ஒரு சின்ன முனியாண்டி கோயில் வந்தது. தகரக் கூரை, அரிவாளோடு சாமி, முன்னால் வாடிய எலுமிச்சை மாலை. அண்ணன் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். இந்த நாட்டில் சாலையோர முனியாண்டியை ஹாரன் அடிக்காமல் கடக்கிற தமிழ் ஓட்டுநர் யார் இருக்கிறார்? அதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவே இல்லை. இந்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசலில் மேரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "அஞ்சு நிமிஷம் லேட்டு," என்றாள். பிறகு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. தலைமையாசிரியர் ரொம்பக் கூச்ச சுபாவம்.

பிள்ளைகளுக்கு முதலில் படிகத்தைக் காட்டினேன். எண்ணியோடு இணைத்ததும் டிக், டிக்டிக், டிக் என்று அது பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் மேலேயிருந்தும் எப்போதும் கொஞ்சம் கதிர் வந்துகொண்டேதான் இருக்கும், அது பின்னணி, அதற்கு மேலே எகிறுவதைத்தான் நாம் தேடுகிறோம் என்று விளக்கினேன். ஹர்ஷினி என்ற பெண் கை தூக்கினாள். இரட்டைச் சடை, கேள்வி கேட்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாள்.

"ஆன்ட்டி, இது கல்கண்டா?"

முதலில் அந்த ஆன்ட்டி எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது. "இல்ல, நக்கிடாதே, விஷம்," என்றேன். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

பழைய கதையை மேரி சொன்னாள். தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு கைப்பேசி. அங்கிருந்து கிழக்கே, மர வரிசையிலேயே இருபது மரம் தள்ளி ஒன்று. வடக்கே இருபது வரிசை தாண்டி ஒன்று. தோட்டத்தில் தூரத்தை மரத்தால்தான் எண்ணுவார்கள், நாடா பிடிக்கிற வேலை மிச்சம். முதல் தடவை தகரம் அடித்தவர் தெற்கே ஒளிந்தார். இரண்டாவது தடவை மேற்கே. இரண்டு தடவையும் பிள்ளைகளின் கோடு வடகிழக்கையே காட்டியது.

"ரெண்டு தடவயும் ஒரே பக்கமா?" என்று கேட்டேன்.

"ஒரே பக்கம். அதான் சொல்றேன்லா, கணக்குலதான் எங்கயோ ஓட்டை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். கருவி வேலை செய்கிறவளுக்கு முதலில் வரவேண்டிய சந்தேகம் அதுவல்ல என்பது பிற்பாடுதான் உறைத்தது.

மத்தியானச் சாப்பாடு மேரி வீட்டு நெத்திலி சம்பலும் சோறும். 1.15-க்கு மூன்று கைப்பேசிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பதிவைத் தொடங்கினோம். ஹர்ஷினி ஒரே ஒரு தட்டு, கையைத் தட்டினாள். மூன்று கடிகாரமும் முன்னே பின்னே ஓடினாலும் அந்தத் தட்டு மூன்றிலும் ஒரே கணத்தில் விழுந்திருக்கும், அங்கிருந்து நேரத்தை எண்ணிக்கொள்ளலாம். பிறகு மூன்று குழுக்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மரங்களை எண்ணியபடி போனார்கள். நானும் வடக்குக் குழுவோடு போனேன். வெட்டிப் போட்ட மட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். வெள்ளைக் காலணியில் போனேன். திரும்பும்போது அது வெள்ளை இல்லை.

இந்த முறை தகரம் அடிக்கத் தேவராஜு அண்ணனையே கேட்டோம். வெளியாள், எங்கே ஒளிவார் என்று யாருக்கும் ஊகம் இருக்காது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பீப்பாயையும் இரும்புக் கம்பியையும் தூக்கிக்கொண்டு, "யாரும் பாக்கக்கூடாது, கண்ண மூடு, கண்ண மூடு," என்று கத்திக்கொண்டே மறைந்தார். 1.50-க்கு அடிப்பதாக ஏற்பாடு. நாங்கள் பள்ளியில் காத்திருந்தோம். 2.15-க்குக் கைப்பேசிகள் திரும்பி வந்தன. அண்ணன் மட்டும் வரவில்லை. விடை சொல்லும் வரை வெளியே வரக்கூடாது என்று மேரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பிள்ளைகள் ஒலி வரைபடத்தைத் திறந்து, இருப்பதிலேயே உயரமான மேட்டைக் குறித்தார்கள். கிழக்குக் கைப்பேசிக்குத் தொட்டியைவிட 0.30 வினாடி முந்தி. வடக்குக் கைப்பேசிக்கு 0.37 வினாடி முந்தி. வெயில் நேரத்தில் சத்தம் வினாடிக்குச் சுமார் 1,145 அடி போகும். மரத்துக்கு மரம் முப்பது அடி, இருபது மரம் அறுநூறு அடி. நான் கரும்பலகையில் போட்டேன். கிழக்கு ஜோடி, மர வரிசையிலிருந்து ஐம்பத்தைந்து பாகை என்றது. வடக்கு ஜோடி நாற்பத்தைந்து என்றது. ஒரே சத்தத்துக்கு இரண்டு திசை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதேதான். மூன்றாவது முறையும் போட்டேன். பிள்ளைகள் என் முதுகையே பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மணி 2.55. லேடாங் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது வாசலில் அஞ்சலை அக்கா வந்து நின்றார். ஹர்ஷினியின் அம்மா, குலை வெட்டும் குழுவை மேய்க்கும் மண்டோர். காலில் ரப்பர் காலணி, தலையில் துண்டு. மகளுக்குத் தேநீர் கொண்டுவந்தவர், பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"டீச்சர், அந்த அறுநூறு எதுக்கு?"

"தொட்டியிலருந்து வடக்க இருபது வரிசைக்கு, அக்கா. மரத்துக்கு முப்பது அடி," என்றேன் நான். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

"வரிசையோட போனாத்தான் முப்பது. குறுக்க போனா இருபத்தாறு லா." தேநீர்ப் போத்தலை வைத்துவிட்டு, மேசையில் மூன்று சுண்ணக்கட்டியை முக்கோணமாக அடுக்கினார். "செம்பனைய சதுரமாவா நடுவாங்க? முக்கோணமா நடுவோம். எந்தப் பக்கம் பாத்தாலும் மரத்துக்கு மரம் முப்பது. ஆனா வரிசைக்கும் வரிசைக்கும் நடுவுல இருபத்தாறு. இது தெரியாம என்னா ஆகாயக் கணக்கு போடுறீங்க?"

வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. முக்கோணத்தின் உயரம்! பள்ளிக்கூடக் கணக்கு. பல வருஷமாகச் செயற்கைக்கோளுக்குக் கணக்குப் போடுகிறவள் செம்பனைக் காட்டில் வந்து கோட்டைவிட்டேன். அறுநூறை ஐந்நூற்று இருபதாக மாற்றினோம். வடக்கு ஜோடியும் ஐம்பத்தைந்து என்றது. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. ஹர்ஷினி மேசைமேல் ஏறிக் குதித்தாள்.

தோட்ட வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்தார்கள். நேராக வடகிழக்கு. மேரி கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, வடகிழக்குல இருக்கீங்க, வெளிய வாங்க!" என்று கத்தினாள். பத்து நிமிடத்தில் அவர் வந்தார், மேற்குப் பக்கத்திலிருந்து. சட்டையெல்லாம் ஒட்டுப்புல்.

"வடகிழக்கா? நான் பம்ப் ஹவுஸ் பின்னாடி ஒக்காந்து கொசுக்கடி வாங்கிக்கிட்டு இருந்தேன்!"

ஹர்ஷினி மேசையிலிருந்து இறங்கினாள். மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது. மணி 3.20. ஐந்து மணிக்கு இன்னும் நூறு நிமிடம், கையில் மூன்று தப்பான விடை.

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடித்தது. மூன்று நாள், ஒளிந்த இடம் வேறு வேறு, ஆனால் விடை ஒன்றேதான். தப்பு என்றால் மூன்று விதமாகத் தப்பியிருக்கும். இன்றைக்கு இரண்டு ஜோடியும் ஒரே பாகையைச் சொன்னது. அந்தக் கோட்டில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது.

"அந்தப் பக்கம் என்னா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லயே," என்றாள் மேரி.

"ஒண்ணும் இல்ல," என்றார் அஞ்சலை அக்கா.

தேவராஜு அண்ணன் வரைபடத்தின் மேல் குனிந்து, கோட்டின் மேலேயே விரலை ஓட்டினார். மரங்களைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, விரல் பெரிய சாலையில் முட்டி நின்றது. "இது நாம வந்த சிம்பாங் தானே தங்கச்சி? முனியாண்டி கோயில்." கொஞ்சம் யோசித்தார். "நான் தகரம் அடிச்சு முடிச்ச ஒடனே ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். மூணு தடவ."

அஞ்சலை அக்கா தலையில் கைவைத்து, "அட கடவுளே, அது!" என்றார்.

அதுதான். நாள் முழுக்க லாரி போகிற சாலை அது, போகிற ஒவ்வொன்றும் முனியாண்டிக்கு மூன்று ஹாரன். பிறந்ததிலிருந்து கேட்கிறார்கள், அதனால் இங்கே யாருக்கும் அது சத்தமே இல்லை. மேரி ஞாயிறு தேவாலயத்துக்குப் போகிறவள், அவளுக்கும் காதில் விழாது. காலையில் அதே இடத்தில் கும்பிட்ட எனக்கே உறைக்கவில்லையே! கைப்பேசிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பம்ப் ஹவுஸ் தகரத்தைவிட லாரி ஹாரன் பெரிய மேடாக விழுந்திருக்கிறது, பிள்ளைகள் பெரிய மேட்டைப் பிடித்திருக்கிறார்கள். மூன்று நாளும் முனியாண்டி கோயிலைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டு, தோற்றுப்போனோம் என்று அழுதிருக்கிறார்கள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. மேரி என்னை அடித்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள்.

பிள்ளைகளிடம் ஒன்று சொன்னேன். என் வேலையில் பாதி இதுதான். படிகம் எகிறும், ஓடிப் போய்ப் பார்த்தால் சூரியன் கொஞ்சம் கோபப்பட்டிருக்கும், இல்லையென்றால் பூமியில் ஏதோ இடிமேகம் மின்னியிருக்கும். தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். ஆனால் காமா வெடிப்பு என்று ஒன்று இருப்பதே எப்படித் தெரிந்தது? அறுபதுகளில் யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு சோதிக்கிறார்களா என்று உளவு பார்க்கச் செயற்கைக்கோள்கள் போயின. அவற்றில் குண்டு இல்லாத ஏதோ ஒன்று எகிறியது. எகிறிய நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. தேடியது வேறு, கிடைத்தது வேறு.

"அப்போ நாங்க தோக்கலயா?" என்றாள் ஹர்ஷினி.

"தகரத்தையும் கண்டுபிடிச்சிட்டா தோக்கல."

மறுபடி பதிவைத் திறந்தோம். ஹாரனின் மூன்று பெரிய மேட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சற்று முன்னாடி குட்டிக் குட்டியாக ஐந்து மேடு, சீராக. அண்ணன் தகரத்தை அடித்தது ஐந்து முறை. மூன்று கைப்பேசியிலும் அது இருந்தது. கோடு இழுத்தால் மேற்கு. பம்ப் ஹவுஸிலிருந்து பத்து மரம் தள்ளித்தான் விழுந்தது. தகரம் பக்கத்தில் இருப்பதால் அதன் சத்த அலை வட்டமாக வளைந்து விரியும், எங்கள் கணக்கு வெகுதூரத்திலிருந்து நேராக வருகிற அலைக்குப் போட்டது என்று விளக்கினேன். விண்மீன் வெடிப்புக்கு அந்தக் கவலையே இல்லை, அது அவ்வளவு தூரம். யார் கேட்டார்கள்? வகுப்பே கத்திக்கொண்டிருந்தது.

4.10-க்குக் காணொளி எடுத்தோம். மேரிக்கு முனியாண்டி விஷயத்தைச் சொல்லவே மனமில்லை. "தப்பு பண்ணினத எதுக்குலா நாமளே காட்டிக் குடுக்கணும்?" என்று கிசுகிசுத்தாள். எனக்கு நேர்மாறான எண்ணம், ஆனால் வாயை மூடிக்கொண்டேன், வகுப்பு அவளுடையது. நாங்கள் குசுகுசுப்பதற்குள் ஹர்ஷினி கேமராவின் முன்னால் போய் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாட நூல் தமிழில் ஆரம்பித்துவிட்டாள்: "வணக்கம். நாங்கள் தகரத்தைத் தேடினோம். முதலில் முனியாண்டி கிடைத்தார்." பின்னால் பதிமூன்று பேர் வெடித்துச் சிரித்தது பதிவாகிவிட்டது. அதை வெட்ட வேண்டாம் என்று மேரியே சொன்னாள்.

4.25-க்கு மழை கொட்டியது. பள்ளியில் இணையம் போய்விட்டது. "சிம்பாங்ல லைன் நல்லா இருக்கும்," என்றார் அஞ்சலை அக்கா. மேரி, நான், அண்ணன் மூவரும் காரில் பாய்ந்தோம். கோயில் முன்னால் நிறுத்தி மேரி கைப்பேசியை முன்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். அறுபது விழுக்காடு, எழுபது, எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று. அண்ணன் சாமியைப் பார்த்து, "ஐயா, ஒங்களப் பத்தின வீடியோதான், கொஞ்சம் தள்ளி வுடுங்க," என்றார். 4.53-க்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினோம். பின்னால் வந்த லாரி ஒன்று முனியாண்டிக்கு மூன்று ஹாரன் அடித்தது. நாங்கள் மூவரும் திரும்பி அதற்குக் கைதட்டினோம்.

அதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தோட்டத்துக்குள் நுழையும் முன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், கொடுப்பார்கள். முழுக்கால் சட்டை, பழைய காலணி, கொசு மருந்து கட்டாயம். மத்தியானம் மூன்றுக்கு மேல் மழையை எதிர்பாருங்கள், வெளி வேலையை இரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். கைப்பேசி சமிக்ஞை தோட்டத்துக்குள் விட்டுவிட்டுத்தான் வரும், சாலையோரம் பரவாயில்லை. இந்தச் சத்த விளையாட்டை நீங்களும் உங்கள் ஊரில் செய்து பார்க்கலாம். மூன்று கைப்பேசி, ஒரு கைத்தட்டு, தெரிந்த தூரம், அவ்வளவுதான். மரத்தை எண்ணித் தூரம் போடுவதாக இருந்தால் நட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போட்டி முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

மழை விட்டபின் மேரியைப் பள்ளியில் இறக்கிவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டு, 5.40-க்குக் கிளம்பினோம். பிள்ளைகள் வாசலில் டாட்டா காட்டுவார்கள் என்று பார்த்தால் ஒருவரையும் காணோம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சிம்பாங்கில் அண்ணன் வழக்கம்போல் இரண்டு சின்னது, ஒன்று நீளம் அடித்தார். என்ன தோன்றியதோ, "அண்ணே, நான் ஒண்ணு அடிக்கட்டுமா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். நான் எட்டி, பயந்து பயந்து, ஒரு தடவை அமுக்கினேன். பீ என்று பாதிச் சத்தம்தான் வந்தது. வேறு யாருக்கும் இது தெரியாது.

மலாக்கா சென்ட்ரலில் 7.30 பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மேரியின் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி வந்தது. எழுதியது அவள் இல்லை.

"நாங்க மூணு போனையும் மறுபடி வெச்சோம். 5 மணி 46 நிமிஷம் 12 வினாடி. ஐம்பத்தஞ்சு பாகை. ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம், கார் ஹாரன், அதனால அது டிரைவர் மாமா, லாரி இல்ல. அதுக்கு அப்புறம் நாலு வினாடி கழிச்சு ரொம்பக் குட்டியா ஒண்ணு இருக்கு. அது நீங்கதானே அக்கா?"

பேருந்து கிளம்பிவிட்டது. மடியில் டின்னை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தபடி, பதில் அடித்தேன்: "ஆமா. நான்தான்."